யோகராஜ் அண்ணனின் மேகப்படம்

எங்கள் அண்ணன் யோகராஜுக்குக் கோவில்பட்டியில் டி.வி. ரிப்பேர் கடை. பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். ஆனால் எந்தக் கோளாறுக்கும் அவன் கை முதலில் போவது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டருக்குத்தான். இலங்கை சேனல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, கம்பத்தில் ஒரு பூஸ்டர். அப்படியும் தெரியவில்லையா, இன்னொன்று.

2004 புரட்டாசிக் கடைசியில் அந்தப் புத்தியை வானத்திடமும் காட்டினான். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் சத்தத்தை ரேடியோவில் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது மேகப்படமாக வரைந்துவிடும் என்று பிரவுசிங் சென்டரில் படித்திருக்கிறான். நாகலாபுரத்தில் எங்கள் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினான்.

எனக்கும் அது தேவைப்பட்டது. முந்தின வருஷம் மழைக்கு முன்பே காட்டில் புழுதியில் விதைத்தோம். ஒரு தூறல் விழுந்து, அப்புறம் மழையில்லாமல் முளைத்ததெல்லாம் கருகிப்போனது. இந்த முறை வீட்டில் இருந்தது ஒரே மூட்டை உளுந்து விதை. ஊரே விதைத்துக்கொண்டிருந்தது. என் மனைவி ராதாமணியும் விதைத்துவிடலாம் என்றாள். அண்ணன் விடவில்லை.

"ரெண்டு நாள் பொறும்மா. கடல்ல மேகம் இருக்கா இல்லியான்னு படமாவே காட்டுதேன்."

இரண்டு நாள் பத்து நாளானது. முதலில் மாட்டியது பழைய டி.வி. ஆன்டெனா. அது இலங்கையைப் பார்த்தபடியே நின்றது. செயற்கைக்கோளோ வடக்கும் தெற்குமாக ஓடுகிறது. பிறகு அலுமினியக் கம்பிகளைக் குறுக்காகக் கட்டி வானத்தைப் பார்க்க வைத்தான். அதிலேயே படம் வந்திருக்கும். இவனுக்குப் பொறுக்குமா? பூஸ்டர் போட்டான். எஃப்.எம். பாட்டு உள்ளே புகுந்து இரைந்தது, திரையில் வெறும் கோடு. சிக்னல் பத்தவில்லை என்று இரண்டாவது பூஸ்டர். பாட்டு இன்னும் ஓங்கி வந்தது. ரேடியோ சரியில்லை, கேபிள் சரியில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றினானே தவிர, அந்தப் பூஸ்டரைக் கழற்ற மனசு வரவில்லை. எரிச்சலில் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஆனாலும் விதைக்கவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

பதினோராம் நாள் இடியோடு மழை பிடித்தது. விடாமல் மூன்று நாள். கரிசலில் காலை வைத்தால் முழங்கால்வரை இழுத்தது. இனி ஏர் இறங்க இரண்டு வாரமாகும், அதற்குள் பருவம் போய்விடும். இடியில் பூஸ்டர் இரண்டும் கருகிவிட்டதால், வேறு வழியில்லாமல் கேபிளை நேராக ரேடியோவில் செருகினான் அண்ணன். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். இலங்கையின் தென்முனை தெரிந்தது. எங்கள் பக்கம் முழுக்க மேகத்தின் வெள்ளை.

"நம்ம காடு எங்கன இருக்கு அத்தான்?" என்று அண்ணனிடம் கேட்டாள் ராதாமணி.

அவன் அந்த வெள்ளையில் ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"வெதச்ச காடு எது, வெதைக்காத காடு எதுன்னு இதுல தெரியுமா?"

பதினான்கு நாளாக அண்ணன் நாற்காலியாகப் போட்டு உட்கார்ந்திருந்தது அந்த விதை மூட்டையைத்தான்.