புதைத்த தாலி

சிவகுருநாதன் அண்ணைக்கு விசர் முத்திவிட்டது என்று ஜெர்மனியின் கொலோனில் நான்கு பேர் பேசினால் அதில் நானும் ஒருவன். ஹோட்டலில் சட்டி கழுவி ஓய்ந்துபோன மனிதர், ஞாயிறு முழுக்க உலோகம் தேடும் கருவியோடு அறுவடை முடிந்த வயல்களில் அலைந்தால் வேறென்ன சொல்வது? அதற்கு அரசாங்க அலுவலகத்தில் அனுமதிகூட எடுத்து வைத்திருந்தார். கார் ஓட்டிக்கொண்டு கூடப் போவது என் தலைவிதி.

கருவியை அவர் வாங்கியது யாழ்ப்பாணத்துக்காக. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, வழியில் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, மனைவி பவளம் அக்காவின் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லி, பால்மா டின்னில் போட்டுக் கிணற்றடியில் புதைத்தார். அன்று கட்டிய மஞ்சள் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டினாரே தவிர, புதுத்தாலிக்கு அக்கா சம்மதிக்கவே இல்லை. "அது அங்கை கிடக்குது. பேந்தென்னத்துக்கு இன்னொண்டு?" என்பார். இப்போது அக்காவுக்குப் புற்றுநோய். அந்தத் தாலியோடு போய்ச்சேர வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை.

போன வருடம் அண்ணை ஊருக்குப் போனார். இராணுவம் இருந்துவிட்டுப்போன வீட்டு வளவில் கிணறே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் கருவி கத்தியதாம். தோண்டினால் துப்பாக்கி ரவைக்கோதும் முள்ளுக்கம்பியும். வெறுங்கையோடு வந்தவர் இங்கே தேடத் தொடங்கினார். இங்கே என்ன கிடக்கிறது என்று கேட்டால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார்.

ஐப்பசியில் ஒருநாள் கருவி கத்தியது. துருப்பிடித்த டின். உள்ளே மெழுகுத்துணியில் சுற்றிய கல்யாண மோதிரம், சங்கிலி, ஒரு சோடித் தோடு. இந்த நாட்டுச் சண்டைக்காலத்தில் யாரோ புதைத்திருக்க வேண்டும். அண்ணை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணை, சங்கிலியை உருக்கித் தாலி செய்வம். ஊரிலை பக்கத்து வளவுக்காரர் கண்டெடுத்து அனுப்பினவை எண்டு சொல்லுங்கோ. அக்கா நிம்மதியாப் போகட்டும்" என்றேன். பாவமென்றால் எனக்கு வரட்டும்.

அவர் மறுக்கவில்லை. வழிநெடுக டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

கட்டிலில் கிடந்த அக்கா டின்னைக் கண்டதும் எழும்பி உட்காரப் பார்த்தார். "எடுத்திட்டியளோ?"

அந்த முகத்தைப் பார்த்து என்னாலேயே தாங்க முடியவில்லை. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "இது எங்கடையில்லையப்பா. இஞ்சத்தை ஆக்களின்ரை."

அக்கா மோதிரத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பாவம், அவளும் திரும்பி வருவம் எண்டுதானே தாட்டிருப்பாள்" என்றார். பிறகு கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கே அனுமதி தந்த கந்தோரிலை குடுத்திடுங்கோ. எங்கடையை எடுக்கிறவனும் ஆரின்ரையெண்டு தேடட்டும்."

இனி அது தனக்குக் கிடைக்காது என்பதுபோல் அக்கா பேசியது அன்றுதான் முதல்முறை. அண்ணை குழறி அழுதார்.