மூன்றடுக்குப் பாதுகாப்பு

மல்லேஸ்வரத்திலிருந்து ஹெப்பகோடியில் இருக்கும் ஆபீசுக்கு சைக்கிளில் போவதென்று முடிவெடுத்ததும், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்கினேன். அதை ஜட்டி இல்லாமல்தான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். ஒழுக்கமான குடும்பத்தில் வளர்ந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஜட்டி, அதன்மேல் மெத்தை, சீட்டுக்கு ஒரு ஜெல் உறை என்று மூன்றடுக்குப் பாதுகாப்போடு கிளம்பினேன். மடிவாளா தாண்டுவதற்குள் ஜட்டியின் தையல் தொடையிடுக்கில் தோலை உரித்துவிட்டது.

அன்று மீட்டிங்கில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி, உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார் கன்னடமும் தமிழும் கலந்து.

"பேடா சார், வேண்டாம். நின்னுக்கிட்டே வேலை செஞ்சா முதுகுக்கு நல்லதாம்."

உடல்நலத்தில் இத்தனை அக்கறையா என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அடுத்த வாரமே என் நாற்காலியை எடுத்துவிட்டு, நின்றபடி வேலை பார்க்கும் உயரமான மேசையைப் போட்டார்கள். மற்றவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டுமாம்.

இப்போது ஜட்டி இல்லாமல்தான் சைக்கிளில் போகிறேன். புண் ஆறி மாதங்கள் ஆகிவிட்டன. சைக்கிள் சீட்டைத் தவிர நான் உட்கார வேறு இடம்தான் இல்லை.