மௌனிகாவின் இரண்டாவது கட்டுரை

மௌனிகாவின் முதல் கட்டுரை வெளியானபோது அவளுக்கு இருபத்தேழு வயது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அவள் அப்பா நஞ்சப்பனுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பும் ஏழு மாடுகளும் இருந்தன. மேற்கே பாலக்காட்டில் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நெல்லைக் கைவிட்டவர்கள் எல்லாம் மாட்டைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிற ஊர் அது. மாடு பிழைக்கப் புல் வேண்டும். அந்தப் புல்லைத்தான் மௌனிகா முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி என்று பெயரே ஒழிய, பாதி நாள் கூலி வேலைதான். வெட்ட வேண்டும், எடை போட வேண்டும், உலர்த்திப் பொடியாக்கி மறுபடி எடை போட வேண்டும். கையெல்லாம் புல்லின் சுனை கீறிய கோடுகள். அவள் சோதித்தது புதிதாக வந்த ஓர் ஒட்டுரகம். அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் இருந்தது. ஊரில் நம்பர் புல் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்பாவின் தோட்டத்திலும், அடுத்த தோட்டத்துச் சின்னையன் நிலத்திலும் பாத்தி பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எரு போட்டு மூன்று வருடம் அளந்தாள். கோழி எருவும் யூரியாவும் சேர்த்துப் போட்ட பாத்தியில் விளைச்சல் இரண்டு மடங்கு வந்தது.

அதை எழுதியபோது நல்ல இதழ் ஒன்று உடனே ஏற்றுக்கொண்டது. ஓர் இதழில் வருவதை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். மௌனிகாவின் கட்டுரை வந்த இதழுக்கு அந்த மதிப்பெண் அதிகம். அவளுடைய வழிகாட்டி ஆன்மேரி மேடம் துறை முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் முப்பது பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். அரசின் தீவனத் திட்டத்துக்கான கையேட்டில் அவள் கண்ட அளவுகள் அப்படியே ஏறின. வண்டி வண்டியாக, நடுவதற்கு வெட்டிய நம்பர் புல் கரணைகள் ஊர் ஊராகப் போயின. நஞ்சப்பன் மகள் ஆராய்ந்து எழுதிய புல் என்றே நம்பி நட்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். சின்னையன் தன் ஒன்றரை ஏக்கரையும் அதற்கே விட்டார்.

அடுத்த வருடம், 2023 மே மாதத்தில், நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு கோடை மழை பெய்தது. பத்து நாளில் புல் தளதளவென்று வந்தது. வழக்கம்போல வெட்டிச் சோதித்தவள், கோழி எருப் பாத்தியின் கணக்கைப் பார்த்துவிட்டுத் தப்பாக அளந்துவிட்டோம் என்றே நினைத்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அதே எண் வந்தது. தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் மாடு தாங்கும் அளவைப்போல மூன்று மடங்கு இருந்தது.

எருவிலிருந்து வேர் உறிஞ்சுகிற நைட்ரேட்டைச் செடி சாதாரணமாகப் புரதமாக மாற்றிவிடும். வாடிக் கிடந்த செடிக்குத் திடீரென்று மழை கிடைத்தால் உறிஞ்சுவது முந்திக்கொள்ளும், மாற்றுவது பிந்திவிடும். அந்தப் புல்லை வயிறு நிறையத் தின்ற மாட்டின் இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போகும். மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுமுட்டிச் சாகும்.

ஆன்மேரி மேடம் உடனே எழுதச் சொன்னார். ஆறு வாரத்தில் எழுதி, முதல் கட்டுரை வந்த அதே இதழுக்கு அனுப்பினாள். நான்காம் நாள் மறுத்துவிட்டார்கள். வறட்சியில் தீவனப் பயிரில் நைட்ரேட் சேர்வது அறிவியலுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி, புதுமை இல்லை, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் பொருந்துவது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அறிவியலுக்குத் தெரிந்த அந்தச் செய்தி தன் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதி அழித்தாள்.

இரண்டாவது இதழுக்கு அனுப்பினாள். அது மாதக்கணக்கில் பரிசீலனையில் கிடந்தது. இடையில் கையேடு தயாரித்த அலுவலகத்துக்குப் போய், அந்தப் பக்கத்தை மாற்றக் கேட்டாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வெளியான ஆய்வை வைத்துப் போட்ட பரிந்துரையை இன்னொரு வெளியான ஆய்வு இருந்தால்தான் மாற்ற முடியும், கட்டுரை வந்ததும் கொண்டுவாருங்கள் என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அவர் அன்றே கோழி எருவை நிறுத்தினார். சின்னையனிடமும் சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாள் என்பதுதான் பின்னாளில் அவளை வதைத்தது. வேலியோரம் நின்று, கோழி எருவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். அவர் சிரித்தார்.

“நீதான அம்மணி எழுதுன, அதப் போட்டா ரெண்டு பங்கு வருமுன்னு?”

ஒரே பருவத்துக் கணக்கை வைத்து ஊரைப் பயமுறுத்தினால் நாளைக்குத் தன் பேச்சை யார் நம்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அச்சில் வரட்டும், தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம் என்று வந்துவிட்டாள்.

2024 கோடை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்காத கோடை. ஆழ்குழாய்க் கிணறுகள் காற்றைத் துப்பின. தென்னை மட்டைகள் தாமாக ஒடிந்து விழுந்தன. மே மாத நடுவில் மழை வந்தபோது ஊரே வாசலில் நின்று நனைந்தது. அதற்கு ஒன்பதாம் நாள் காலை ஏழரை மணிக்குச் சின்னையனின் மனைவி மருதாத்தாள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“ஏனுங் நஞ்சண்ணா, மாடெல்லாஞ் சுத்திச் சுத்தி உளுகுதுங்க.”

மௌனிகா போனபோது இரண்டு மாடுகள் படுத்துவிட்டிருந்தன. மூன்று நடுங்கிக்கொண்டு நின்றன. தொட்டியில் இளம் புல் மிச்சமிருந்தது. ஒரு மாட்டின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு சாம்பல் பூத்திருந்தது. மிருகாஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு, தொட்டியில் இருந்த புல்லைக் கையாலேயே அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள்.

கால்நடை மருத்துவர் ஜோபி நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். காது நரம்பில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. இதற்கு ஒரு நீல மருந்து உண்டு. எப்போதாவது தேவைப்படுவது என்பதால் அவரிடம் ஒரு மாட்டுக்குப் போதுமான அளவுதான் இருந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்து பார்த்தார். வந்து சேர இரண்டு மணி நேரமாகும் என்று தெரிந்ததும் சின்னையனைப் பார்த்து, எந்த மாட்டுக்குப் போட என்று கேட்டார்.

சின்னையன் ஐந்து மாடுகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு எட்டு மாதச் சினையாக இருந்த செவலையைக் காட்டினார். காட்டிவிட்டு மற்ற நான்கின் பக்கம் திரும்பவில்லை.

பத்தரை மணிக்குள் நான்கும் போய்விட்டன. என்ன எரு போட்டீர்கள் என்று விசாரித்த ஜோபி, நைட்ரேட்டாக இருக்கலாம், புல்லைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

“நைட்ரேட்தானுங்க டாக்டர். போன வருசமே அளந்தனுங்க.”

சொன்ன பிறகுதான் பின்னால் சின்னையன் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. குழி தோண்ட ஜேசிபி வந்த பிறகு அவர் பக்கத்தில் வந்தார்.

“உனக்குத் தெரியுமா அம்மணி?”

“தெரியுமுங்க மாமா.”

“எருவக் கொறைன்னு சொன்ன. மாடு சாகுமுன்னு நீ சொல்லுல.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதன்பின் அவளிடம் அவர் பேசவும் இல்லை.

ஐந்து நாள் கழித்து இரண்டாவது இதழின் முடிவு வந்தது. இன்னொரு பருவத்துக் கணக்கு வேண்டும், செடிக்குள் மரபணு அளவில் என்ன நடக்கிறது என்றும் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆன்மேரி மேடத்தின் அறைக்குப் போனாள். இனிமேல் காத்திருக்கப் போவதில்லை, துண்டறிக்கை அடித்து ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் அனுமதிக்காவிட்டால் பட்டம் வேண்டாம் என்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் கட்டுரையில் தன் பெயரும் இருக்கிறது என்றார். முப்பது வருட வேலையில் தான் எழுதிய எதுவும் யாரையும் கொல்லும் என்று நினைத்ததில்லை என்றார். அனுமதி என்று வாயால் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் துண்டறிக்கையின் மலையாளப் பகுதியைத் தானே எழுதி அனுப்பினார். அடியில் தன் போன் எண்ணையும் போட்டிருந்தார்.

தமிழ்ப் பகுதியை மௌனிகா எழுதினாள். வறட்சிக்குப் பின் முதல் மழையில் முளைத்த நம்பர் புல்லை மூன்று வாரம் மாட்டுக்குப் போடாதீர்கள், மாடு செத்துவிடும், நான் முன்பு எழுதியதில் இது விட்டுப்போனது என்று எழுதிப் பெயரும் போன் எண்ணும் போட்டாள். பால் சொசைட்டிகளில் விடிகாலை பால் ஊற்ற வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கொடுத்தாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் புல்லையே பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து திட்டினார்கள். அன்றைக்கு நல்லது என்றவள் இன்றைக்குக் கெட்டது என்கிறாள், தீவனக் கம்பெனிக்காரன் பேச வைக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தோட்டத்துக்கு உரிமையோடு வந்து போகும் மூன்று பேர் நஞ்சப்பனோடு பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் கட்டுரையோடு ஒரு திருத்தக் குறிப்புச் சேர்க்கும்படி அந்த இதழுக்கு எழுதினாள். எண்களில் பிழை இல்லாததால் திருத்தம் தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். விளைச்சல் இரண்டு மடங்குதான் வந்தது. அவள் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அந்த வருடக் கடைசியில் முதல் கட்டுரையின் மேற்கோள் எழுபதைத் தாண்டியது. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவள் அந்த எழுபதையும் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தாள். நைட்ரேட் என்ற சொல் ஒன்றிலும் இல்லை. இரண்டு கட்டுரைகள் கோழி எருவை இன்னும் கூட்டச் சொல்லியிருந்தன. அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

2025 பிப்ரவரியில் இரண்டாவது கட்டுரை, மதிப்பெண் எதுவும் இல்லாத ஒரு சிறு இதழில் வெளியானது. மூன்று மாதத்தில் அது பதினோரு தடவை திறக்கப்பட்டிருந்தது. அதில் நான்கு தடவை திறந்தது அவளே. கையேடு தயாரித்த அலுவலகத்துக்கு அதை எடுத்துப் போனாள். முன்பு பேசிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்த கையேடு இரண்டு வருடம் கழித்துத்தான் என்றார்.

சின்னையன் செவலையைக் கன்றோடு விற்றுவிட்டு வாளையாரில் ஒரு லாரி எடைமேடையில் காவல் வேலைக்குப் போனார். மருதாத்தாள் வேலிப் பக்கம் வருவதைத் தவிர்த்தாள்.

அந்த மே மாதம் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு மறையூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். ஈஸ்வரன் என்று பெயர் சொன்னார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டறிக்கையின் படத்தில் அவள் எண் இருந்ததாம்.

“ஏம்மா, மாடு ரெண்டும் நுரை தள்ளிக்கிட்டுக் கெடக்கு. காலையில புல்லுதான் போட்டோம். இப்பதான் இந்தப் படத்த எம் மக காட்டுறா.”

புல்லை அகற்றச் சொன்னாள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மருந்து வரும் முன்பே இரண்டும் இறந்துவிட்டதாக மாலையில் அவரே சொன்னார்.

மறுநாள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பஸ் மாறி மாறி மறையூர் போய்ச் சேர்ந்தாள். கரும்புக் காட்டை ஒட்டி ஈஸ்வரனின் வெறும் தொழுவத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அவள் புல் தண்டைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து, கையுறை போட்டுக்கொண்டு, குப்பியிலிருந்த அமிலத்தை அதன்மேல் ஒரு சொட்டு விட்டாள். உள்ளே இருந்த நைட்ரேட்டால் தண்டு கருநீலமானது. “இதத் தின்னா மாடு செத்துரும்” என்று முதலில் சொன்னாள். அதன் பிறகுதான் மற்றதையெல்லாம் விளக்கினாள். தொண்டை கட்டும்வரை பேசினாள்.

இந்தப் புல் இன்னும் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று ஈஸ்வரன் கேட்டார். கரணைகள் கை மாறி, மாவட்டம் தாண்டி, எங்கெங்கோ போயிருந்தன. அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

திரும்புகிற பஸ் சின்னாறு சோதனைச் சாவடியில் நின்றபோது மழை பிடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கோடை முடிந்தது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். மௌனிகா கைப்பையில் மிச்சமிருந்த துண்டறிக்கைகளை எண்ணினாள். பதினான்கு இருந்தன.