ஊட்டிக் குளிரோடு இறங்கிய கேமரா

இன்று காலை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். ஊட்டிக் குளிரில் கிடந்த என் செகண்ட் ஹேண்ட் வீடியோ கேமராவை நேரே கொண்டுவந்து மண்டபத்து வெக்கையில் வைத்தேன். உள்ளே ஈரம் பூத்து எச்சரிக்கை விளக்கு எரிந்தது. டேப் ஓட மறுத்தது.

தானாகக் காய ஒரு மணி நேரமாவது ஆகும். ஐயர் அவ்வளவு நேரம் தரமாட்டார்.

மணப்பெண் அறைக்கு ஓடினேன். அலங்காரம் செய்யும் அக்கா ஹேர் டிரையரால் பெண்ணின் கூந்தலைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கொஞ்சம் குடுங்கக்கா."

"தலை இன்னும் ஈரமா இருக்குதுங்க தம்பி."

மணப்பெண்தான் சொன்னார். "குடுத்துருங்கக்கா. படம் வரலீன்னா இன்னொருக்கா கட்டிக்க முடியுங்களா?"

டேப் மூடியைத் திறந்து, சூட்டைக் குறைத்து ஊதினேன். பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, கேமராவுக்குச் சளி புடிச்சுக்கிச்சுங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கெட்டிமேளம் தொடங்கும்போதுதான் விளக்கு அணைந்தது. ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன்.

"எல்லாம் வந்துதுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா, தாலி கட்டி முடிந்த பிறகு.

"வந்துதுங்க."

விளக்கு அணைந்தாலும் உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் படம் முழுக்கக் கோடு விழும். எடுக்கும்போது வியூஃபைண்டரில் அது தெரியாது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டேப் பையில் இருக்கிறது, பிளேயர் வீட்டில் இருக்கிறது. தனியாகப் போட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. துணைக்கு யார் வருகிறீர்கள்? டீ என் செலவு.