ஹனோவருக்குக் கொண்டுபோன கேக்

2007 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவியின் தம்பி ரூபனைக் குடியை விடவைக்கும் கிளினிக் ஒன்றில் சேர்க்க, கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஹனோவர்ப் பக்கம் போனேன். இதே காரியத்துக்காக இதே வழியில் போகப்போகிறவர்கள் நம்மவர்களில் இருப்பார்கள். வாய்விட்டு விசாரிக்கமாட்டார்கள், இணையத்தில்தான் தேடுவார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ரூபன் வாசித்துச் சரி சொன்ன பிறகே போடுகிறேன்.

கிளினிக்கின் நிபந்தனை எளிது. பிற்பகல் இரண்டு மணிக்குள் வரவேண்டும், மூச்சில் மது இருக்கக்கூடாது. இருந்தால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். ரூபனுக்கு முன்பு ஒருமுறை அப்படிப் போனது. இன்னொருமுறை போனால் விண்ணப்பம் முதலிலிருந்து, குறைந்தது நான்கு மாதம். அவன் ஈரல் அவ்வளவு பொறுக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் உடம்பைச் சுத்தப்படுத்தி, முதல்நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தான்.

என் பலசரக்குக் கடை வானில் போனால் 240 கிலோமீற்றர், இரண்டே முக்கால் மணி நேரம். ரூபன்தான் மறுத்தான்.

"அத்தான், உந்த வானுக்குள்ளை பியர் மணக்குது. நான் ரெயினிலை வாறன்."

முணுமுணுத்துக்கொண்டே ரிக்கெற் எடுத்தேன். ஆளுக்கு 38 யூரோ, சாதாரண ரயில். வேகரயில் ஏறக்குறைய இருபது யூரோ கூட, மிச்சமாவது ஒன்றரை மணி நேரம். காலை 7.40க்குப் புறப்பட்டு ஹம், மிண்டன் இரண்டு இடத்திலும் மாறி, 11.35க்கு ஹனோவர். மிண்டனில் மாறும் நேரம் பத்து நிமிடம், மேடையும் வேறு. பெட்டி கனமென்றால் முன்கூட்டியே கதவருகில் நில்லுங்கள். அங்கே ரூபன் கழிப்பறைக்குப் போனான். ஏழு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹனோவரிலிருந்து எஸ்-பான் என்ற நகர ரயிலில் 27 நிமிடம், பிறகு பஸ். மணிக்கு ஒன்றுதான், 12.25 பஸ்ஸைத் தவறவிட்டோம். 13.25 பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கேக் பெட்டியைத் திறந்தேன். கிளினிக்கில் சிகிச்சைப் பிரிவை நடத்தும் சுகந்தி அக்காவுக்கென்று மனைவி செய்துதந்த ரிச் கேக். வெறுங்கையோடு எப்படிப் போவது? ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டியெடுத்தேன்.

"வேண்டாம் அத்தான், பசிக்கேல்லை."

"வெறும் வயித்தோடை போகாதை. சாப்பிடடா."

ஒன்றை அங்கே சாப்பிட்டான். மற்றதை, பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலுக்கு நடக்கும்போது என் தொல்லை தாங்காமல் விழுங்கினான்.

சுகந்தி அக்கா என்னைவிட இளையவர், ஊர்வழக்கில் எல்லாருக்கும் அக்கா. அகதியாக வந்து, ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். பிறகு தாதிப் பயிற்சி. குடிகாரத் தமிழ் ஆண்களுக்கு மொழிபெயர்க்கப் போய், மொழிபெயர்ப்பு மட்டும் காணாது என்று கண்டு, மாலை வகுப்பில் சமூகப்பணி படித்தார். இன்று அறுபது கட்டில், இருபத்தெட்டு ஊழியர் அவர் பொறுப்பில். ஆனாலும் புதிதாக வருபவரை வாசலில் நின்று தானே கூட்டிப்போகிறார். முதலாளி வாசலில் நிற்கும் கடையைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்.

மூச்சில் மதுவை அளக்கும் கருவியில் ரூபன் ஊதினான். பூச்சியம் தசம் மூன்று.

"எனக்கு அப்பவே தெரியும்!" என்று நான் கத்தினேன். "மிண்டனிலை ஏழு நிமிசம் கக்கூசுக்குள்ளை நிண்டவன். உன்ரை அக்காவின்ரை முகத்திலை கரி பூசிப்போட்டாய்!"

"நான் குடிக்கேல்லை" என்றான். ஒரு தடவைதான் சொன்னான்.

"அண்ணை, பொறுங்கோ. இது ரூபன்ரை விசயம்" என்றார் சுகந்தி அக்கா. அவன் பக்கம் திரும்பி, "கடைசியா என்ன சாப்பிட்டனீங்கள்?"

"அத்தான் தந்த கேக். ரெண்டு துண்டு."

பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"எவ்வளவு பிரண்டி?"

"அது... அரைப் போத்தில். அக்கா, அது கேக்குத்தானே?"

"அண்ணை, சம்பூப் போத்திலுக்குள்ளை கடத்தினவையைக் கண்டிருக்கிறன். பூச்சாடிக்குள்ளையும் கண்டிருக்கிறன். றிபன் கட்டி, என்ரை பேர் எழுதிக் கொண்டுவந்த ஆள் நீங்கள்தான்."

ரூபனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவனை வாய் கொப்பளிக்கவைத்து இருபது நிமிடம் உட்காரச் சொன்னார். வாயில் ஒட்டிய பிரண்டி மட்டும்தான் என்றால் அதற்குள் போய்விடுமாம். வரவேற்பில் இருந்த பெண் கடிகாரத்தைக் காட்டினாள். இரண்டு மணி தாண்டிவிடும். வந்த நேரம் 13.40 என்றும் காரணத்தையும் எழுதிச் சுகந்தி அக்கா தானே கையெழுத்து வைத்தார். "திரும்பவும் பூச்சியம் வராட்டி நானேதான் அனுப்புவன், ரூபன்."

"ஓம் அக்கா."

காத்திருந்த நேரத்தில் படிவத்தை நிரப்பினார்.

"இஞ்சையிருந்து எங்கை திரும்பிப் போறியள்?"

"அத்தான்ரை கடைக்கு."

"அங்கை என்ன வேலை?"

"போத்தில் அடுக்கிறது."

அதையும் எழுதினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் எந்த அடுக்கிலிருந்து குடிக்கத் தொடங்கினான் என்று எனக்குத் தெரியாது என்றால் பொய். நல்ல வேலைக்காரன், கணக்குப் பிசகாது என்று கண்டும் காணாமல் இருந்தேன்.

இரண்டாம் தடவை ஊதினான். பூச்சியம். உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு 15.25 பஸ் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செலவை ஓய்வூதியக் காப்புறுதி ஏற்கும். நாளுக்குப் பத்து யூரோ வரை நாம் கையிலிருந்து கட்டவேண்டி வரலாம், வருமானம் குறைவென்றால் தள்ளுபடி கேளுங்கள். மதுசாரம் கலந்த வாய்கழுவி, முகச்சவரத் தைலம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் செய்த எதையும் கொண்டுபோகாதீர்கள். முதல் இரண்டு கிழமை அங்கே தொலைபேசி இல்லை, கடிதம் போடலாம். நான் போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதுவதற்கு மூன்று தாள் வீணாயிற்று.

கடையில் குடிவகை அடுக்கை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் பாதிப்பேர் இப்போது எதிர்க்கடையில். நட்டம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

மூன்றாம் ஞாயிறு பார்க்கப்போனபோது ரூபனிடம் சொன்னேன்.

"இப்ப அந்த இடத்திலை என்ன அடுக்கியிருக்கு?"

"அரிசி. இருபது கிலோ மூட்டை."

"அப்ப வந்தவுடனை என்ரை முதுகு முறியப்போகுது" என்றான்.