சாய்ஸில் விடச் சொல்லும் இருசப்பன்

"இது வராது, வுடு. இதுவும் வராது. இது போன தடவ வந்துடுச்சி, திரும்ப வராது. இதா, இது வரும்போல இருக்குது, ஆனா கஷ்டம். சாய்ஸ்ல வுடு" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பென்சிலால் பொருளடக்கத்தின் மேல் கோடு இழுத்துக்கொண்டு வருகிறார் இருசப்பன். புத்தகத்துக்குச் சொந்தக்காரப் பையனுக்கு ஒவ்வொரு கோடு விழும்போதும் முகம் மலர்கிறது. பதினாறு பாடத்தில் இப்போது ஐந்துதான் மிச்சம். பாக்கிப் பதினொன்றையும் படித்து முடித்துவிட்ட மாதிரி அவன் பெருமூச்சு விடுகிறான்.

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு எதிரே காசியின் டீக்கடை பெஞ்சு. காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். நாற்பது வயது இருக்கும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பையில் நாலு பேனா, அதில் எழுதுவது ஒன்று. யார் கேட்டாலும் "நான் எஜுகேஷன் லைன்ல இருக்கேங்க" என்பார். காசிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தால் போண்டா கூடுதலாகப் போகிறது.

அவர் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்றாவது தடவையில் தாண்டினார். பிறகு பி.யூ.சி. எத்தனை தடவை எழுதினார் என்றால், ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார். என்னிடம் ஏழு என்றார், காசியிடம் ஒன்பது என்றிருக்கிறார். கடைசியில் 1978-இல் அந்தப் படிப்பையே எடுத்துவிட்டார்கள். இருசப்பன் பி.யூ.சி.யை முடிக்கவில்லை, அரசாங்கம்தான் முடித்தது. "நான் பாஸாவறதுக்குள்ள படிப்பையே தூக்கிட்டானுங்க, இன்னா அநியாயம் பாருங்க" என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் எதற்காக ஐயா யோசனை கேட்கிறீர்கள் என்றால், அதற்கும் அவரே பதில் வைத்திருக்கிறார். "பாஸானவன் ஒரே ஒரு தடவ பரிட்சைக்குப் போனவன். அவனுக்கு இன்னா தெரியும்? ஃபெயிலானவனுக்குத்தாங்க அதோட நெளிவு சுளிவு அத்தனையும் தெரியும்." இதைக் கேட்டுத் தலையாட்டவும் இந்த ஊரில் ஆள் இருக்கிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவருடைய நெளிவு சுளிவுகளில் சிலவற்றை நானே காதால் கேட்டிருக்கிறேன். விடை தெரியாவிட்டால் கேள்வியையே கொஞ்சம் மாற்றி ரெண்டு தடவை எழுத வேண்டும். திருத்துகிறவர் எழுத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்தைத்தான் பார்ப்பார், அதனால் ஒரு வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் கூடாது. பரீட்சை ஆரம்பித்த அரை மணியில் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்க வேண்டும். "பக்கத்துல இருக்கறவன் அதப் பாத்தே பாதி செத்துடுவான்." பக்கத்தில் இருப்பவன் செத்தால் நமக்கு எப்படி மதிப்பெண் வரும் என்று ஒருவனும் கேட்டதில்லை.

கல்லூரிப் பையன்களுக்கு வேறு உபதேசம். "மொத பெஞ்சில உக்காராத, கேள்வி கேப்பான். கடைசி பெஞ்சிலயும் உக்காராத, சந்தேகப்படுவான். தூணு ஓரமாப் பாத்து உக்காரு." மூன்று வருஷமும் தூண் ஓரமாய் உட்கார்ந்தே கழித்த ஒருவன் இப்போது காசியின் கடையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இருசப்பனுக்கு வாரிசு தயாராகிறது.

ஒரு பைசா வாங்க மாட்டார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு டீ, இரண்டு போண்டா, அவ்வளவுதான். ஆபத்தே அதில்தான். காசு கொடுத்து வாங்கிய சரக்கென்றால் கொண்டுபோய் மூஞ்சியில் வீசலாம். இனாமாய் வந்த புத்திமதியை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? வீட்டை நடத்துகிறவள் அவர் மனைவி வெள்ளையம்மாள். கோபுரத்து வாசலில் பூ கட்டி விற்கிறாள். அவளிடம் ஒருமுறை இவரைப் பற்றிக் கேட்டேன். "ஊருக்கெல்லாம் பாஸ் போட்டுக் குடுக்கறாரு. ஊட்டுக்கு ஒரு நாளு அரிசி வாங்கியாறத மட்டும் சாய்ஸ்ல வுட்டுட்டாரு" என்றாள், கையைப் பூவிலிருந்து எடுக்காமல்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். பச்சையம்மாள் வரும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர். தனியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவர்களின் விண்ணப்பம் என் மேசை வழியாகத்தான் போகும். பச்சையம்மாள் அப்படித்தான் வந்தாள். ஊர் கீழ்பென்னாத்தூர். வயது இருபத்து மூன்று. புருஷன் செத்து இரண்டு வருஷம், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறிவிட்டாள், கணக்கு ஒன்றுதான் பாக்கி. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாக இருந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். "ஜூலைக்குள்ள பாஸ் சர்ட்டிபிகேட்டக் கொண்டாந்தா எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க சார். இல்லன்னா நடவுக்கும் கள எடுக்கவும் போவ வேண்டியதுதான்" என்றாள். நான் விண்ணப்பத்தில் முத்திரை குத்தி அனுப்பினேன். அலமாரியில் கிடந்த பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸுக்குப் போன இடத்தில் இருசப்பன் அகப்பட்டார். அன்றைக்கு நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்குப் புத்தகத்தை வாங்கி, செய்முறை வடிவியலின் மேல் ஒரு கோடு போட்டார், வரைபடத்தின் மேல் இன்னொன்று போட்டார்.

"சார், காம்பஸ் வச்சிப் போடறத நான் நல்லாப் போடுவேங்க" என்று அவள் தயங்கினாள்.

"நீ போட்டா போதுமாம்மா? கேள்வி வரணுமே. போன தடவ வட்டமும் தொடுகோடும் கேட்டுட்டான். கேள்வி எடுக்கறவனும் மனுசன்தான, அவனுக்கும் சலிச்சிப் போவாதா? இதுக்கு ஆவுற நேரத்துல வட்டிக் கணக்கப் போடு. இத ரெண்டையும் தைரியமா சாய்ஸ்ல வுடு."

அவளும் விட்டாள். பெரியவர் சொல்கிறார், நாலு பேர் கைகட்டிக் கேட்கிறார்கள், தப்பாயிருக்குமா என்று நம்பிவிட்டாள். ஏப்ரலில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது. அந்த இரண்டு பகுதிக்கும் மேலே 'கண்டிப்பாக விடையளிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். இருசப்பன் சாய்ஸில் விடச் சொன்ன கேள்விகளுக்குச் சாய்ஸே கிடையாது. மனுஷன் தன் காலத்துப் பழைய முறையையே மனசில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். புதுக் கேள்வித்தாளைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை! பச்சையம்மாளுக்கு இருபத்தெட்டு மதிப்பெண் வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

ஜூனில் அவள் வந்து சொன்னபோது இருசப்பன் அசரவில்லை. "உன் கையெழுத்து சரியில்லம்மா" என்றார்.

அக்டோபரில் மறுபடி எழுதினாள். இந்த முறை நான் பழைய கேள்வித்தாள்களை எடுத்துக் கொடுத்தேன், காலம் கடந்து வந்த புத்தி. முடிவு வந்த நாள் தீபத் திருவிழாச் சமயம், பஸ் நிலையம் முழுக்க வெளியூர்க் கூட்டம். அந்த மாதிரி நாளில் காசி கடைப் பத்திரிகை இருசப்பன் கையில்தான் இருக்கும். எண்ணைச் சொன்னால் அவர் தேடிப் பார்த்து உரக்க வாசிப்பார். தேறினவனிடம் "நான் சொன்னது வந்துச்சா?" என்பார், தவறினவனிடம் "நான் சொன்னதப் படிச்சியா?" என்பார். பச்சையம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணைச் சொன்னாள். எண் இருந்தது.

"பாத்தியா! என்கிட்ட வந்தவங்க தோத்ததா சரித்திரம் இல்ல" என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார் இருசப்பன்.

"நீங்க கோடு போட்டு வுடச் சொன்னதத்தான் சார் இந்தத் தடவ படிச்சேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "மார்ச்சுலயே படிச்சிருந்தா வேலை கெடச்சிருக்கும். ஜூலைல வேற ஒருத்தியப் போட்டுட்டாங்க. இனிமே அந்த எடம் எப்பக் காலியாவும்னு யாருக்கும் தெரியல."

இப்போதாவது இந்த ஆளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் சிரித்தார்.

"போனாப் போவுது வுடும்மா. அந்த வேலையில இன்னா கீது? அடுப்புப் பொகையில நின்னுக்கினு, பருப்ப அளந்துக்கினு. நீ பாஸாயிட்ட, அதப் பாரு. மேல படி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெஞ்சையே கவிழ்த்திருக்க வேண்டும். கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஒருவன், "சார், அப்ப நீங்க கோடு போட்டதத்தான் படிக்கணுமா?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டான். "எல்லாம் ஆளப் பொறுத்துடா" என்றார் அவர்.

பெஞ்சுக்கு அந்தப் பக்கம் தாவணி போட்ட ஒரு பெண், வருகிற ஏப்ரலில் எழுதப்போகிறவள், கணக்குப் புத்தகத்தைப் பிரித்து அவர் மடியருகே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இருசப்பன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிவப்புப் பென்சிலோடு அந்தப் புத்தகத்தின் மேல் குனிந்தார். பச்சையம்மாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு உள்ளங்கையை விரித்து, பிரித்து வைத்திருந்த அந்தப் புத்தகத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இருசப்பன் புத்தகத்தை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே இந்தப் பக்கமாகத் திரும்பி, அடுத்து நின்ற பையனின் புத்தகத்துக்குக் கையை நீட்டினார்.