ஸ்கிரிப்சர் பரிசும் மாமனோட வண்டிக் கராரும்

காலேஜுல ஸ்கிரிப்சர்ல முதப் பரிசு யாருக்குன்னு கேட்டா எங்கூர்ல பாதிப் பேரு நம்ப மாட்டாங்க. நெத்தி நிறையத் துண்ணூறு பூசிட்டுப் போற எனக்குத்தான். பாதிரிமார் நடத்துற காலேஜ், தினமும் ஒரு மணி நேரம் பைபிள் பாடம் கட்டாயம். வேதக்காரப் பசங்க நமக்குத் தெரியாததான்னு கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க மனப்பாடம் பண்ணித் தள்ளிருவோம். வருஷா வருஷம் பரிசு எங்க பக்கந்தான். பக்தியா? மண்ணாங்கட்டி. எல்லாம் இங்கிலீஷுக்காக.

என்ன இங்கிலீஷுங்க அது! 'பாரு'ங்கறதுக்கு 'பிஹோல்ட்'. நெசமாச் சொல்றேன்னா 'வெரிலி'. துணிமணிக்கு 'ரெய்மென்ட்'. தாமசிச்சா 'டாரி'. பெருகுனா 'வாக்ஸ்'. ரொம்பப் பயந்துட்டாங்கன்னா 'சோர் அஃப்ரெய்டு'. முந்நூறு வருஷத்துக்கு முந்தி பைபிளை இங்கிலீஷ்ல எழுதுனப்போ உள்ள போன வார்த்தைங்க. வெளிய தெருவுல அதையெல்லாம் எப்பவோ விட்டுட்டாங்க. உள்ள இருந்தது மட்டும் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிச்சே உசுரோட கெடந்திருக்குது. இதை ஒருத்தராச்சும் எனக்குச் சொன்னாங்களா? இல்லையே. வெள்ளக்காரன் ஊட்டுல சோத்துக்கு உக்காந்தாலும் இப்படித்தான் பேசிக்குவான்னு நான் பாட்டுக்கு நெனச்சுட்டிருந்தேன்.

லீவுக்குக் கொழிஞ்சாம்பாறை வந்தப்போ என்ற மாமன் தலையில கை வெச்சுட்டு உக்காந்திருந்தார். அம்மாவோட தம்பி. கோவிந்தாபுரத்துக்கு மேல இருக்குற மலை எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டு போறது அவரோட மாட்டு வண்டிங்கதான்னு ஒரு கரார், அதாவது ஒப்பந்தம். அந்த மழைக்கு ஆத்துல வெள்ளம் வந்து வண்டியெல்லாம் இக்கரையிலயே நின்னு போச்சு. அங்க கூலிக்காரங்களுக்கு அரிசி இல்ல. கரார் முடிஞ்சுது, இனி லாரி வெச்சுக்கறேன்னு எஸ்டேட்டு வெள்ளக்காரத் தொரை ஆள் விட்டுச் சொல்லிட்டார். கரார் போச்சுன்னா மாடு வண்டி அத்தனையும் சந்தைக்குத்தான். மாமனுக்கு வேற தொழிலும் தெரியாது.

"மாப்ள, பரிசெல்லாம் வாங்குனவனாச்சே நீ. தொரைகிட்ட நாலு வார்த்தை எடுத்துச் சொல்லு."

"நாலு என்னத்துக்குங்க மாமா? நானூறு சொல்றேன்."

அடுப்படியிலிருந்து அத்தை சத்தம் போட்டாங்க: "அங்க போயி இந்த வாயைக் காட்டிப் போடாத சாமி. இருக்கறதும் போயிரும்."

ஆத்துக்கு அந்தப் பக்கம் கோவிந்தாபுரத்துல எஸ்டேட்டுக்கு ஒரு அரிசிக் கிடங்கு உண்டு. வெள்ளம் வடிஞ்சதும் நானும் மாமனும் போனோம். தொரை மலையை விட்டு எறங்கி அங்க வந்திருந்தார். தக்காளி மூஞ்சி. எங்களைப் பாத்ததும் ஆரம்பிச்சார் பாருங்க, தமிழ்ல!

"ஏலே! எங்கலே என் அரிசி? சோம்பேறிப் பயலே! வாயத் தொறலே!"

மாமன் மூஞ்சி சுண்டிப்போச்சு. எங்க பக்கம் மாட்டையே 'வாங்க சாமி'ன்னுதான் ஓட்டுவோம். தொரைக்கு அதெல்லாம் எங்க தெரியும்? எஸ்டேட்டுல திருநெல்வேலிப் பக்கத்துக் கங்காணிங்க கூலியாளுங்களை வெரட்டுற தமிழ் ஒண்ணுதான் அவர் காதுல விழுந்த தமிழ். தமிழ்னாலே அதுதான்னு இருந்திருப்பார் மனுஷன்.

நான் முன்னால போய் நின்னேன். தொண்டையைச் செருமிட்டு, பரிசு வாங்கறப்போ மேடையில ஒப்பிச்ச அதே ராகத்துல எடுத்து விட்டேன்:

"பிஹோல்ட்! தி ரிவர் வாக்ஸ்டு எக்ஸீடிங் கிரேட், அண்டு தி ஆக்ஸன் வேர் சோர் அஃப்ரெய்டு, அண்டு வீ டாரீடு பை தி வாட்டர்ஸ்!"

அதாவது, பாருங்க, ஆறு பெருகிப் போச்சு, காளைங்க மிரண்டு போச்சு, நாங்க தண்ணியோரம் தங்கிட்டோம். அவ்வளவுதான் விஷயம்.

தொரை தெறந்த வாயை மூடல. சர்ச்சுக்குள்ள நொழைஞ்ச மாதிரி கை தன்னால மேல போய் தொப்பியைக் கழட்டுச்சு. விடுவனா நான்? 'வெரிலி'ன்னு அடுத்ததை ஆரம்பிச்சு, மாமன் நேர்மையைச் சொல்லி, அவர் பொண்டாட்டி புள்ளைங்க படப்போற பாட்டுக்கு ஒரு 'வீப்பிங்', ஒரு 'வெய்லிங்' போட்டேன். கிடங்குக் கிளார்க்கு மூட்டைக்குப் பின்னால குனிஞ்சு தோள் குலுங்க நின்னார். அடடா, அழ வெச்சுட்டமேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு.

தொரை கையைக் காட்டி நிறுத்துனார். கிளார்க்கைப் பாத்து இங்கிலீஷ்ல கடகடன்னு என்னமோ சொன்னார். சத்தியமா ஒண்ணும் புரியல. பூராவும் பைபிள்ல இல்லாத வார்த்தைங்க.

கிளார்க்கு கண்ணைத் தொடச்சுட்டு எந்திரிச்சார். அப்பத்தான் தெரிஞ்சுது, அது அழுகை இல்ல.

"தம்பி, தொரையோட அப்பாரு சீமையில பாதிரியாராம். பெரம்பை எடுக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் பேசுவாராம். நீ வாயைத் தெறந்தா தொரைக்கு முதுகு கூசுதாம். சித்த வெளிய நிக்கறியா?"

"நான் வெளிய போயிட்டா மாமனுக்கு யாருங்க பேசறது?"

"தொரையே பேசிக்குவாராம். தமிழ்ல."

வெளிய வந்து சன்னலோரம் காதைக் குடுத்தேன். தொரை சத்தம் பாதியாக் கொறஞ்சிருந்துச்சு. மாமன் பவ்யமா ஆரம்பிச்சார்.

"ஏனுங்க தொரை, ஒரு சந்தேகமுங்க. அந்த லாரி வெள்ளத்துல நீந்துமுங்களா?"

உள்ள தொரை நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம் கேட்டுச்சு.

"நீந்தாதுலே," ன்னார் தொரை.

"அப்ப அதும் எங்கூட அக்கரையிலதானுங்க நிக்கோணும். மழைக்கு முந்தியே அரிசியைக் கொண்டாந்து இந்தக் கிடங்குல நெரப்பி வெச்சுப்போடலாமுங்க. ஆறு அதும் பாட்டுக்குப் போகட்டும்."

தொரை சிரிச்சார். கிளார்க்கும் சிரிச்சார். நான் மட்டும் வெயில்ல.

மாமன் வெளிய வந்து வண்டியில ஏறுனார். கரார் போகாம நெலச்சுது. எனக்குச் சந்தோசந்தான், இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தேன். என்ற பிரசங்கம் பாதியில நிக்குதே!

"என்ன மாப்ள, கோவமா?"

"பின்ன என்னுங்க? என்ற இங்கிலீஷ் ஒண்ணுக்கும் ஆகலையே."

"அட, யாரு சொன்னா? கெளம்பறப்போ தொரை மறுக்காவும் 'ஏலே'ன்னார். இனிமே அப்படிக் கூப்புட்டா மாப்ளையைக் கூட்டியாந்துருவனுங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாருங்க?"

"தொப்பியைக் கழட்டிட்டாரு."